அவையேறிய சொல்

சொல்லுக்கு உள்ள ஆற்றல் பெரிது. நாவிலிருந்து எழும் ஒரு சொல் இரு நாடுகளிடையே போரை மூட்டும். மற்றொரு சொல் மூள இருக்கும் போரைத் தணிக்கும். வழக்கு மன்றத்தில் உரைக்கப்படும் ஒரு சொல் குற்றமற்றவனைக் காக்கும். உரைக்கப்படாது போன ஒரு சொல் அவனைக் கொலைக்களத்துக்கு அனுப்பும். இதனாலன்றோ, சொல்வன்மைக்கும் அவையஞ்சாமைக்கும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரங்களை வகுத்தார்!

இத்துணை ஆற்றல் வாய்ந்த சொல்லை அவை நடுவே எடுத்துரைக்கும் உரிமை ஆடவர்க்கே உரியது என்று உலகம் நெடுங்காலம் எண்ணிவந்தது. பெண்டிர்க்கு அணிகலன் யாது என்று வினவினால் அடக்கம் என்றனர். அடக்கமாவது யாது என்று வினவினால் வாய் திறவாமை என்றனர். நாவடக்கம் இருபாலார்க்கும் பொதுவான நற்பண்பு. ஒருபாலாரின் நாவை மட்டும் கட்டிவைத்து, அக்கட்டுக்கு அடக்கம் என்று பெயரிடுதல் பொருந்தாது. தமிழ் இலக்கியம் போற்றும் பெண்டிரை ஊன்றி நோக்குவார்க்கு இவ்வுண்மை தெற்றென விளங்கும். அவ்விலக்கியத்தில் நிலைபெற்ற பெண்டிர் பலர், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டியதை அஞ்சாது சொன்னவர்கள்.

பெண்டிர்க்கு உரிய பண்புகளாக அச்சம், நாணம், மடம் என்னும் மூன்றைத் தொல்காப்பியம் களவியலில் கூறுகிறது. இம்மூன்றோடு பயிர்ப்பையும் சேர்த்து நாற்பண்பு என வழங்குதல் பிற்கால மரபு. மேடைகளிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுபவை இவையே. ஆயின், அதே நூலின் பொருளியலில் பெண்பாலார்க்கு உரியனவாக வேறு ஆறு பண்புகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று அறிவு, மற்றொன்று செப்பு. செப்பு என்பது சொல்லுதல். காதல் வாழ்வில் தலைவியின் நிலையை விளக்கும் இடத்தே அமைந்த நூற்பா அது. எனினும், அறிவும் சொல்லும் பெண்மைக்குப் புறம்பானவை என்று அந்நூல் கருதவில்லை என்பதற்கு அஃதொன்றே தக்க சான்றாகும். மூன்று பண்புகளை மனப்பாடம் செய்தவர்கள் இவ்விரண்டையும் மறந்துவிட்டனர்.

இலக்கணம் கூறியதை இலக்கியம் நிறுவிக் காட்டுகிறது. சங்கப் பாடல்களைப் பாடிய புலவருள் மகளிரும் பலர் உளர். அவர்தம் தொகையை அறிஞர் முப்பது முதல் நாற்பது வரை பலவாறாகக் கணக்கிடுவர். அவர்கள் ஒரே குலத்தினர் அல்லர். ஒரே ஊரினரும் அல்லர். பாரியின் மகளிர் வேள்குலத்துச் செல்வியர். குறமகள் இளவெயினி குன்றக் குறவர் குடியினர். ஒக்கூர் மாசாத்தியார் தம் ஊர்ப்பெயரால் அறியப்பட்டவர். வெள்ளிவீதியார் தம் காதல் துயரைத் தாமே பாடியவர்; அவர் ஆதிமந்தியின் துயரைத் தம் பாட்டில் நினைவுகூர்கிறார். அந்த வெள்ளிவீதியாரை அவ்வையார் தம் அகப்பாட்டு ஒன்றில் நினைவுகூர்கிறார். இவ்வாறு ஒரு பெண்ணின் சொல்லை மற்றொரு பெண் ஏந்திவந்த வரலாறும் சங்கப் பாடல்களில் உண்டு.

இவருள் வெண்ணிக் குயத்தியார் தனியே எண்ணத்தக்கவர். வெண்ணி என்பது சோழநாட்டு ஊர். குயத்தியார் என்னும் பெயர் மட்கலம் வனையும் குடியில் அவர் தோன்றியதைக் காட்டுகிறது. அவ்வூர்க் களத்தில் சோழன் கரிகாலனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. கரிகாலன் வென்றான். சேரன் மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவிச் சென்றது. முதுகில் புண்பட்டமைக்கு நாணி, அவன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வென்ற மன்னனைப் புலவர் பாடுதல் இயல்பு. குயத்தியாரும் கரிகாலனை முன்னிலைப்படுத்திப் பாடினார். அவன் குடிப்பெருமையையும் வெற்றியையும் கூறினார். பின்னர், நின்னால் தோல்வியுற்று வடக்கிருந்த அவன் நின்னினும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்தமையப் பாட்டை முடித்தார். வெற்றிக் களிப்பில் இருக்கும் வேந்தனிடம், தோற்றவனே உயர்ந்தவன் என்று கூறுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! குயவர் குடிப்பெண் ஒருத்திக்கு அவ்வுரம் இருந்தது. அவள் சொல்லைத் தொகுத்துக் காக்கும் பண்பு அக்காலச் சான்றோர்க்கு இருந்தது. புறநானூற்றின் 66-ஆம் பாடலாக அச்சொல் இன்றும் வாழ்கிறது.

அவ்வையார் வரலாறு யாவரும் அறிந்தது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, பெறற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவ்வைக்கு ஈந்தான் என்பதைச் சிறு குழந்தையும் கூறும். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஆயின், நெல்லிக்கனி பெற்ற அவ்வையை அறிந்தோருள் பலர், தூது சென்ற அவ்வையை அறியார். கனி பெற்றது அரசன் காட்டிய அன்புக்குச் சான்று. தூது சென்றது அவ்வையின் ஆற்றலுக்குச் சான்று. அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் பகை மூண்டபோது, அதியமான் தன் தூதாக அவ்வையாரையே அனுப்பினான். தன் படைவலிமையைக் காட்ட விரும்பிய தொண்டைமான், அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். அங்கே மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிய படைக்கருவிகள் பளபளவென ஒளிவிட்டன.

அவ்வையார் அவற்றைக் கண்டு அஞ்சவில்லை, இகழவும் இல்லை. நின் படைக்கலங்கள் அழகாகக் காவல்மிக்க மனையில் இருக்கின்றன. எம் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். கேட்பதற்கு இது தொண்டைமானைப் புகழ்வது போலவும், அதியமானைத் தாழ்த்துவது போலவும் தோன்றும். போரே காணாத கருவிகள்தாம் இங்ஙனம் பொலிவு குன்றாது இருக்கும் என்பதும், ஓயாது போரிடுவோன் கருவிகளே கொல்லனை நாடும் என்பதும் அச்சொல்லின் உட்பொருள். தூதுவர்க்கு அறிவும், ஆராய்ந்த சொல்வன்மையும் வேண்டும் என நீதிநூல்கள் கூறும். அத்தகுதிகளை ஒரு பெண்ணிடம் கண்டு, நாட்டின் நன்மையையே அவர் நாவில் ஒப்படைத்தான் அதியமான். சங்க நூல்களில் அவ்வையார் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் இடம்பெற்றவை.

பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவரும் ஒரு பெண்ணே. காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்பது அவர் பெயர். அவர் பாட்டுக்கு மகிழ்ந்த ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், அணிகலன் செய்துகொள்ள ஒன்பது காப் பொன்னும், நூறாயிரம் காணமும் வழங்கினான் என்றும், தன் பக்கத்தே அவரை இருத்திக்கொண்டான் என்றும் அப்பத்தின் பதிகம் உரைக்கிறது. பொன்னினும் காணத்தினும் அவ்விருக்கையே பெரிய பரிசு எனலாம். அரசன் பக்கத்தில் இருப்பவர் சொல்லை அவை முழுவதும் கேட்கும் அன்றோ?

இவற்றைக் கொண்டு, பழங்காலத்துப் பெண்டிர் யாவரும் துன்பமின்றி வாழ்ந்தனர் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். அதே புறநானூற்றில் கணவனை இழந்த மகளிரின் நிலையும் சொல்லப்பட்டுள்ளது. அவர்கள் அணி களைந்தனர், கூந்தலைக் களைந்தனர், நெய் சேராத உணவை உண்டனர், பாயின்றிக் கல்தரையில் படுத்தனர். கணவனோடு தீப்புகுந்தோரும் இருந்தனர். ஆகவே, சங்ககாலம் குறையற்ற பொற்காலம் அன்று. குறைகள் இருந்த காலத்திலேயும் பெண்ணின் சொல்லுக்குச் செவிசாய்த்த அவைகள் சில இருந்தன என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

சங்கப் பாடல்களை அடுத்து எழுந்த காப்பியங்களிலும் இச்செய்தி தொடர்கிறது. கண்ணகியைப் பொறுமையின் வடிவம் என்பர். அது பாதி உண்மையே. கோவலன் மாதவியோடு வாழ்ந்த காலமெல்லாம் கண்ணகி துயரைத் தன்னுள் அடக்கினாள் என்பது மெய். எனினும், மதுரைப் புறஞ்சேரியில் மாதரி இல்லத்தில் தங்கியபோது, விருந்தோம்பல் முதலிய இல்லறக் கடமைகளைத் தான் இழந்து வருந்தியதையும், அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதையும் கணவனிடமே மென்மையாக எடுத்துரைத்தாள். கோவலன் கொலையுண்ட பின்னர் அம்மென்மை நெருப்பாயிற்று. எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திப் பாண்டியன் அரண்மனை வாயிலை அடைந்தாள்.

அங்கே அவள் செய்தது வெறும் புலம்பல் அன்று; முறையாக உரைத்த வழக்கு. நீ யார் என்று மன்னன் வினவியபோது, கன்றை இழந்த பசுவின் துயரைத் துடைக்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் புகார் நகரமே தன் ஊர் என்றாள். குலம் கூறினாள், கணவன் பெயர் கூறினாள், தன் குறை கூறினாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்று மன்னன் மறுமொழி பகர்ந்தான். அவள் உடனே சான்றுக்கு வந்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். கோப்பெருந்தேவியின் சிலம்புப் பரல் முத்து என்றான் மன்னன். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு கொண்டுவரப்பட்டது. கண்ணகி அதனை உடைத்தாள். மாணிக்கப் பரல் தெறித்தது. ஆராயாது தீர்ப்பளித்த மன்னன் தன் பிழையை உணர்ந்து, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தான். மதுரையை எரித்த கண்ணகியையே பலரும் நினைவில் கொள்வர். ஆயின், நகரைத் தீ உண்ணும் முன்னரே அவள் வென்றுவிட்டாள். அவ்வெற்றி சொல்லாலும் சான்றாலும் வந்த வெற்றி. அதனாலேயே இளங்கோவடிகள் அப்பகுதிக்கு வழக்குரை காதை என்று பெயர் அமைந்தது.

சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாகக் கருதப்படுவது மணிமேகலை. ஆடலும் பாடலும் குலத்தொழிலாகக் கொண்ட கணிகையர் மரபில் பிறந்த மாதவி, அவ்வாழ்வு தன்னோடு முடியட்டும் எனத் துணிந்தாள். தன் மகள் மணிமேகலையை அறநெறியில் செலுத்தினாள். ஊராரும் உறவினரும் இகழ்ந்தபோதும் அவள் தளரவில்லை. அமுதசுரபி என்னும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை, பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தாள். சிறையில் வாடியோர்க்கும் சென்று அளித்தாள். அதனைக் கேள்வியுற்ற சோழ மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என்று கேட்டான். பொன்னும் மணியும் அவள் வேண்டவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுக என்றாள். மன்னன் அவ்வாறே செய்தான். ஓர் இளம்பெண்ணின் சொல்லால் சிறைக்கதவு திறந்தது.

இதே காப்பியத்தில் எண்ணிப் பார்க்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிய மணிமேகலை விரும்பினாள். இளையவள் என்றும் பெண் என்றும் கருதி, அறிஞர்கள் அவளுக்கு உண்மைப் பொருளை உரைக்கமாட்டார்கள் என்றும், வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தைப் பயன்படுத்துக என்றும் மணிமேகலா தெய்வம் முன்னரே கூறியிருந்தது. அவ்வாறே வஞ்சி மாநகரில் மாதவ வேடம் பூண்டு, சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவர்தம் கொள்கைகளைக் கேட்டாள் மணிமேகலை. பெண்ணுருவில் நின்றால் கல்வி கிடைக்காது என்னும் சமுதாயக் குறையைச் சாத்தனார் மறைக்கவில்லை. அறிவு வேட்கை உடைய பெண், தன் உருவையே மறைக்க வேண்டியிருந்தது!

பிற்காலத்தே பக்தி இயக்கம் தழைத்தபோது காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் தம் பாடல்களால் உயர்ந்தனர். நாயன்மார் அறுபத்து மூவருள் மகளிர் மூவர். ஆழ்வார் பன்னிருவருள் ஆண்டாள் ஒருவரே பெண். அதன் பின்னர் வந்த நூற்றாண்டுகளில் பெண்ணின் குரல் இலக்கியத்தில் அருகியது. பள்ளியில் சேரும் சிறுவன் முதலில் கற்றது அவ்வையின் ஆத்திசூடி. அப்பள்ளியின் வாயில் அவன் உடன்பிறந்த சிறுமிக்கோ பெரும்பாலும் அடைபட்டிருந்தது. ஒரு பெண் பாடிய நூலைப் பெண்மக்களே கற்க இயலாத அந்நிலையினும் வியப்புக்குரியது வேறு யாது? இன்னொரு புறம், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவியது. இறைபணி என்னும் பெயரால் அச்சிறுமியர் திருமண வாழ்வை இழந்தனர். பலர் செல்வர்தம் இச்சைக்கு இரையாயினர். மாதவி எந்த வாழ்விலிருந்து தன் மகளை மீட்டாளோ, ஏறத்தாழ அத்தகைய வாழ்வே இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

அவ்வாழ்வுக்கு முடிவு கட்ட எழுந்தது மீண்டும் ஒரு பெண்ணின் சொல்லே. 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. அவருடைய அன்னை சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கம் உடைய மரபில் தோன்றியவர். தந்தை நாராயணசாமி கல்லூரித் தலைமையாசிரியர். ஆண்மக்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடம் அளித்தார். மணிமேகலை வேற்றுருக் கொண்டு பெற்ற கல்வியை, முத்துலட்சுமி தம் உருவிலேயே நின்று பெற்றார். 1912-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

1921-ஆம் ஆண்டு, இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் மகளிர்க்கு வாக்குரிமை வழங்கியது. சில ஆண்டுகளில் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்ற உறுப்பினரானார். 1927-இல் அம்மன்றத்தின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை அங்கே முன்மொழிந்தார். பழமையான வழக்கம் என்றனர் சிலர். சமயத்தில் தலையிடுதல் கூடாது என்றனர் சிலர். கலை அழிந்துவிடும் என்றனர் வேறு சிலர். அம்மரபில் வாழ்ந்த பெண்டிருள் சிலரும், தம் வாழ்க்கைக்கும் கலைக்கும் கேடு வரும் என அஞ்சி மறுத்துரைத்தனர். அவர்களுடைய அச்சத்தை எளிதென்று தள்ளுதல் ஆகாது. வாழ்வுக்கு வேறு வழி இல்லாதார்க்கு அது இயல்பே. 1929-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், கோயிற் பணிக்காக அவர்களுக்கு விடப்பட்ட மானிய நிலங்களை, அப்பணியின் கட்டு இன்றியே அவர்கள் வைத்துக்கொள்ள வழிசெய்தது.

அவ்வழக்கத்தினின்று தப்பி வந்த சிறுமியர்க்குத் தங்க இடம் கிடைக்காதபோது, முத்துலட்சுமி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அங்ஙனம் தோன்றிய நிலையத்துக்கு அவர் இட்ட பெயர் அவ்வை இல்லம் என்பதாகும். காந்தியடிகள் 1930-இல் சிறைப்பட்டபோது, அதனைக் கண்டித்துத் தம் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். ஆயினும் அவர் தொடங்கிய முயற்சி நிற்கவில்லை. பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

சட்டமன்றத்துக்கு வெளியே, ஊர்தோறும் இதே கருத்தைப் பரப்பியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883-ஆம் ஆண்டு பிறந்த அவர், பொட்டுக்கட்டும் மரபின் கொடுமையை அருகிருந்து அறிந்தவர். உயர்கல்விப் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. அநுபவமே அவர் கற்ற கல்வி. மேடைகளில் பேசினார், 1936-இல், தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்னும் புதினத்தை எழுதி வெளியிட்டார். மருத்துவரின் சொல் மன்றத்தை அசைத்தது. அம்மையாரின் சொல் வீட்டுத் திண்ணைகளை எட்டியது. இரண்டும் சேர்ந்தபோதே சட்டம் சமுதாயத்தில் வேர் கொண்டது. அவ்வம்மையார் 1962-இல் மறைந்தார். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கியபோது, அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இன்று அவைகளின் வாயில் அகலத் திறந்துள்ளது. அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1992-இல் நிறைவேறி, ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களை மகளிர்க்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பாதியாக உயர்த்தியது. ஆயினும் கவலைக்குரிய காட்சி ஒன்று உண்டு. சில ஊர்களில், தலைவர் இருக்கைக்கு மனைவி தேர்ந்தெடுக்கப்படுகிறாள். அங்கே பேசுபவனோ கணவன். கையொப்பம் அவளுடையது, முடிவு அவனுடையது. இருக்கை கிடைத்தும் சொல் கிடைக்கவில்லையாயின், அவள் அவையில் இருந்தும் இல்லாதவளே ஆவாள். நச்செள்ளையார் சேரன் பக்கத்தே அமர்ந்தது பாட்டின் பயனாக. பாட்டு இல்லையேல் அவ்விருக்கைக்குப் பொருள் இல்லை.

எனவே, பெண்மக்களுக்குக் கல்வி அளிப்பதோடு கடமை முடிந்துவிடாது. கற்றதை அவை நடுவே எடுத்துரைக்கும் பயிற்சி வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். உணவு உண்ணும் நேரத்திலும், உறவினர் கூடும் இடத்திலும், மகன் கூறும் கருத்தைக் கேட்பது போலவே மகள் கூறும் கருத்தையும் பெற்றோர் கேட்க வேண்டும். பள்ளியில் சொற்போர் நிகழும்போது மாணவியரும் மேடையேற வேண்டும். அவர்கள் பேசும்போது பொறுமையாகக் கேட்கும் பண்பை மாணவர் பழக வேண்டும். சொல்வோர் இருந்தால் மட்டும் அவை சிறவாது. கேட்போரும் இருந்தால்தான் சிறக்கும். வெண்ணிக் குயத்தியாரின் சொல்லைக் கரிகாலன் காலத்து அவை கேட்டது. கண்ணகியின் வழக்கைக் கேட்டுத் தன் பிழையைப் பாண்டியன் ஒப்புக்கொண்டான். அவ்வாறு கேட்கும் செவி எங்கு உண்டோ, அங்கே பெண்ணின் சொல் அறத்தைக் காக்கும்.